கோட்டைக்கு அடியில் ஓர் ஊர்: ஜப்பானின் ஜோக்காமாச்சி என்றால் என்ன?

ஜப்பான் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒரு கோட்டை கட்டாயம் இருக்கும். வெள்ளைச் சுவர், அடுக்கடுக்காக மேலேறும் கூரை, கீழே அகழி, முன்னால் பூத்து நிற்கும் செர்ரி மரம். படத்துக்கு அடியில் ‘பழைய கோட்டை நகரம்’ என்று ஒரு வரி. அதைப் படித்ததும் நாமாகவே ஒரு கதையை ஓட்டிக்கொள்கிறோம்: சுற்றிலும் உயரமான மதில், உள்ளே அரசன், படை, கடைத்தெரு, குடிமக்கள். எதிரி வந்தால் பெரிய கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் உள்ளே பத்திரமாக இருப்பார்கள்.

பெரும்பாலான ஜப்பானிய ஊர்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. குடிமக்கள் வீடு மதிலுக்கு வெளியே இருந்தது. ஊர் தானாக வளரவில்லை, உத்தரவு போட்டு உட்காரவைத்தார்கள். அந்த உயரமான கோபுரத்தில் அரசன் குடியிருக்கவும் இல்லை.

இந்த ஊர்களுக்கு ஜப்பானிய மொழியில் ஜோக்காமாச்சி என்று பெயர். ‘ஜோ’ என்றால் கோட்டை, ‘கா’ என்றால் கீழ், ‘மாச்சி’ என்றால் ஊர். மரத்தடி, மலையடி என்கிறோமே, அந்த மாதிரி இது கோட்டையடி ஊர். ‘கோட்டை நகரம்’ என்று சொன்னாலே மதிலுக்குள் இருக்கும் நகரம் என்று தோன்றிவிடுகிறது. பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் கோட்டையடி ஊர் என்றே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு ஊர்: ஜப்பானின் மேற்குக் கடலோரப் பக்கம் இருக்கும் கனசவா.

## முதலில் ஒரு டவுன்ஷிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்

பெரிய உருக்காலையோ மின் நிலையமோ வரும்போது பக்கத்திலேயே ஒரு டவுன்ஷிப் கட்டுவார்கள். அதிகாரிகளுக்குத் தோட்டம் வைத்த பங்களா, அடுத்த நிலைக்குத் தனி வீடு, அதற்கடுத்த நிலைக்கு அடுக்கு வீடு. யாருக்கு எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்பதை அவர் பதவி முடிவு செய்யும். எல்லாருக்கும் சம்பளம் ஆலையிலிருந்து வருகிறது. சம்பளம் வருகிற இடத்தில் மளிகைக் கடை வரும், தையல்காரர் வருவார், சலூன் வரும், சாப்பாட்டுக் கடை வரும். கடைக்காரர்கள் ஆலை ஊழியர்கள் இல்லை, ஆனால் அவர்கள் பிழைப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஆலையை இழுத்து மூடினால் பத்து வருஷத்தில் ஊர் காலி.

இதில் ஆலை இருக்கும் இடத்தில் கோட்டையை வையுங்கள். ஊழியர்கள் இருக்கும் இடத்தில் சாமுராய்களை வையுங்கள். மாதச் சம்பளத்துக்குப் பதில் அரிசி. கோட்டையடி ஊர் ஏறக்குறைய தயார்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். டவுன்ஷிப்புக்கு ஆட்கள் வேலை தேடி வருகிறார்கள். சாமுராய்களைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்தார்கள்.

## வீரனின் வீட்டைக் கொளுத்திய கதை

சாமுராய் என்றால் பரம்பரையாகப் போர்த்தொழில் செய்கிறவர். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பான் துண்டு துண்டாகக் கிடந்தது, ஆளாளுக்குச் சண்டை. ஒரு பெரிய பகுதியைத் தன் பிடியில் வைத்திருக்கும் தலைவருக்கு டைம்யோ என்று பெயர். சிற்றரசர் என்று புரிந்துகொண்டால் போதும். அப்போதைய கோட்டைகள் பெரும்பாலும் மலை உச்சியில் இருந்தன. சண்டை வந்தால் மேலே ஏறிக்கொள்வார்கள், முடிந்ததும் இறங்கிவிடுவார்கள்.

அப்போது டைம்யோவின் வீரர்கள் எங்கே இருந்தார்கள்? அவரவர் கிராமத்தில். அவர்களில் பலர் பாதி விவசாயி, பாதி வீரன். சொந்த நிலம், சொந்த ஆட்கள், சொந்தச் செல்வாக்கு. டைம்யோ கூப்பிட்டால் வருவார்கள். பிடிக்கவில்லை என்றால் எதிரியிடம் போய்விடுவார்கள், அல்லது இரவோடு இரவாக டைம்யோவையே கவிழ்த்துவிடுவார்கள். சோறு போடும் நிலம் கையில் இருக்கும்வரை அவன் யாருக்கும் முழுசாக அடங்க வேண்டியதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஓடா நோபுநாகா. 1576-இல் பிவா ஏரிக்கரையில் அசூச்சி என்ற இடத்தில் புதுக் கோட்டை கட்டத் தொடங்கினார். வீரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு கோட்டையடிக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 1578-இன் தொடக்கத்தில் ஒருநாள் அசூச்சியில் ஒரு வில்வீரர் வீட்டில் தீப்பிடித்தது. வீட்டில் பெண்கள் இல்லாததால்தான் இந்த அஜாக்கிரதை என்று நோபுநாகாவுக்கு எரிச்சல். விசாரித்துப் பட்டியல் எடுக்கச் சொன்னார். குடும்பத்தைப் பழைய ஊரான ஒவாரியிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் வந்து தங்கியிருந்தவர்கள் 120 பேர். உடனே ஒவாரிக்கு ஆள் போனது. அந்த 120 பேரின் கிராமத்து வீடுகளைக் கொளுத்தினார்கள், தோப்பு மரங்களைக் கூட வெட்டிச் சாய்த்தார்கள். வேறு வழியில்லாமல் மனைவி, மக்கள் அசூச்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

கோட்டையடி ஊர் எதற்காகப் பிறந்தது என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். எதிரியிடமிருந்து ஊரைக் காப்பது இரண்டாம் பட்சம். சொந்த வீரனை நிலத்திலிருந்து பிடுங்கி, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நட்டு வைப்பதுதான் முதல் நோக்கம்.

வணிகர்களிடம் அதே நோபுநாகா வேறு மாதிரி நடந்துகொண்டார். 1577-இல் அசூச்சிக்கு 13 விதிகள் கொண்ட ஓர் ஆணை வந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் கடை போடலாம், வணிகச் சங்கங்களின் தனியுரிமை செல்லாது, பல வரிகளும் கட்டாய வேலைகளும் கிடையாது. கூடவே ஒரு தந்திரம்: அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் போகும் வணிகர்கள் அசூச்சி வழியாக வந்து, அங்கே தங்கித்தான் போக வேண்டும். ஒரு கை வெல்லம் நீட்டியது, இன்னொரு கை பாதையை மறித்தது.

1582-இல் நோபுநாகா இறந்தார், அசூச்சிக் கோட்டையும் எரிந்துபோனது. சில வருஷத்தில் ஊர் மக்கள் பக்கத்து ஓமி-ஹச்சிமானுக்கு இடம் மாற்றப்பட்டார்கள். இன்று அங்கே படிக்கட்டும் கல்லடுக்கும்தான் மிச்சம். ஆனால் அவர் போட்ட திட்டத்தை அடுத்து வந்த டொயொடோமி ஹிதேயோஷி நாடு முழுக்க விரித்தார். நிலத்தையெல்லாம் அளந்து கணக்கெழுதினார். 1588-இல் விவசாயிகளிடமிருந்து வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் பறிமுதல் செய்ய உத்தரவிட்டார். இனி பாதி விவசாயி, பாதி வீரன் என்ற ஆளே கிடையாது. மண்வெட்டி பிடிப்பவன் கிராமத்தில், வாள் பிடிப்பவன் கோட்டையடியில்.

இதுவரை பார்த்தது: முன்பு வீரன் தன் நிலத்தில் இருந்தான். 1570-களிலிருந்து அவனை டைம்யோவின் கோட்டைக்கு அடியில் குடியேற்றினார்கள். அவனுக்குத் தேவையானதை விற்கவும் செய்துகொடுக்கவும் வணிகரையும் கைவினைஞரையும் வரவழைத்தார்கள். இந்தக் குடியேற்றம்தான் கோட்டையடி ஊர்.

## கனசவா: முதலில் மடம், பிறகு கோட்டை

கனசவாவில் கோட்டை இருக்கும் மேட்டில் முதலில் இருந்தது ஒரு பௌத்த மடம். அது 1546-இல் வந்தது. அந்தப் பகுதிக்கு காகா என்று பெயர். 1488-இல் அங்கே இக்கோ என்ற பௌத்தப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகளும் சிறு வீரர்களும் திரண்டு ஆளுநரைக் கவிழ்த்தார்கள். அதன்பின் சுமார் 90 வருஷம் அந்த நாடு அவர்கள் கையில் இருந்தது. ‘குடியானவர்கள் ஆளும் நாடு’ என்றே அதற்குப் பெயர். 1580-இல் நோபுநாகாவின் படை மடத்தைப் பிடித்தது. அந்த இடத்திலேயே கோட்டை வேலையும் தொடங்கியது. 1583-இல் மயேதா தொஷியே என்ற டைம்யோ உள்ளே வந்தார். அதற்குப் பிறகு 1871 வரை அந்தக் குடும்பம் அசையவில்லை.

இடம் அருமையான இடம். வடக்கே அசானோ ஆறு, தெற்கே சாய் ஆறு. நடுவில் நாக்கு மாதிரி நீண்டு வரும் மேட்டின் நுனியில் கோட்டை. தொஷியேயின் சொந்த நாடும் ஒவாரிதான். அங்கிருந்து கூடவே வந்த வணிகர்கள் குடியேறிய தெருவுக்கு ஒவாரி-சோ என்று பெயர். இன்றும் அதே பெயர்தான்.

1599-இல் தொஷியே இறந்தார். அவர் மகன் தொஷினாகா மீது, நாட்டின் அடுத்த பெரும் தலைவராக எழுந்துகொண்டிருந்த தோக்குகாவா இயேயாசுவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போர் மூளும் போல் இருந்த அந்த வருஷத்தில் கனசவாவைச் சுற்றி அவசர அவசரமாக ஓர் அகழி வெட்டினார்கள். வெட்டிய மண்ணை உள்பக்கம் கரையாகக் கொட்டினார்கள். 1610-இல் இன்னும் வெளியே இரண்டாவது வளையம். ஊரைச் சுற்றிய இந்த மண்கரையும் அகழியும் சேர்ந்ததற்குச் சோகமாயே என்று பெயர். ஆனால் ஊர் அதற்குள் அடங்கவில்லை, ஆறுகளையும் தாண்டிப் பரவியது. ஒதவாரா போன்ற சில ஊர்களில் ஊர் முழுவதையும் வளைத்து இப்படிக் கட்டியிருந்தார்கள். அவை விதிவிலக்கு. மற்றபடி கல் மதில், பெரிய கதவு எல்லாம் கோட்டைக்குத்தான், கடைத்தெருவுக்கு இல்லை.

போர் வரவில்லை. 1600-இல் தொஷினாகா தன் தாயையே இயேயாசுவிடம் பிணையாக எடோவுக்கு அனுப்பிவைத்து விஷயத்தை முடித்தார். எடோ என்பது இன்றைய டோக்கியோ. இயேயாசு 1603-இல் ஷோகன் ஆனார், அதாவது எல்லா டைம்யோக்களுக்கும் மேலான ராணுவத் தலைவர்.

## எஞ்சின் அரிசியில் ஓடியது

இனி இந்த ஊர் எப்படி இயங்கியது என்று பார்க்கலாம். இதற்கு ஒரே ஒரு அளவை தெரிந்தால் போதும். அதன் பெயர் கொக்கு. வயலில் ஒற்றைக்காலில் நிற்பதில்லை, வயலில் விளைவதை அளப்பது. ஒரு கொக்கு என்றால் சுமார் 180 லிட்டர், ஏறக்குறைய 150 கிலோ அரிசி. ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடப் போதும் என்று வைத்த கணக்கு.

ஒரு டைம்யோ எவ்வளவு பெரியவர் என்பதைக் கொக்கில்தான் சொல்வார்கள். கனசவாவின் மயேதா குடும்பம் 10 லட்சம் கொக்குக்கும் மேல். தோக்குகாவா குடும்பத்தை விட்டுவிட்டால் நாட்டிலேயே அதுதான் முதலிடம். இதை எழுதுகிற பலர் ‘வருட வருமானம் 10 லட்சம் கொக்கு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அவர் நிலம் மொத்தமும் விளையும் என்று மதிப்பிட்ட அளவு அது. அதில் ஒரு பங்குதான் வரியாக வரும், மிச்சம் விளைவித்தவருக்கு.

அந்த வரி அரிசியாக வந்து களஞ்சியத்தில் சேரும். டைம்யோ அதிலிருந்து தன் சாமுராய்களுக்கு அவரவர் தரத்துக்கு ஏற்பப் படியளப்பார். 50 கொக்கு தரத்துக்காரரும் இருந்தார், 50,000 கொக்கு தரத்துக்காரரும் இருந்தார். கனசவாவின் தலைமைப் பணியாளர்களில் ஹோண்டா குடும்பம் அந்த 50,000 கொக்கு. சும்மா இல்லை, சிறு டைம்யோக்கள் பலருக்கே அவ்வளவு கிடையாது.

சாமுராய் அரிசியை என்ன செய்வார்? வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். மிச்சத்தை அரிசி வணிகரிடம் விற்றுக் காசாக்குவார். அந்தக் காசு எண்ணெய்க்காரர், துணிக்கடைக்காரர், தச்சர், வாள் உறை செய்பவர் என்று கைமாறும். டைம்யோவும் தன் பங்கில் ஒரு பகுதியைக் கப்பலேற்றி ஒசாகாவுக்கு அனுப்பி விற்பார். கிராமத்திலிருந்து கோட்டைக்கு, கோட்டையிலிருந்து சாமுராய் வீட்டுக்கு, அங்கிருந்து கடைத்தெருவுக்கு. இதுதான் ஓட்டம்.

1650-களில் மயேதா ஆட்சி இன்னொரு திருகையும் இறுக்கியது. அதுவரை சாமுராய்க்கு ‘இந்தக் கிராமம் உனக்கு’ என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். அவர் தன் ஆளை அனுப்பி வசூல் செய்துகொள்வார். சீர்திருத்தம் வந்தபின் கிராமம் பேருக்குத்தான் அவருடையது. வரியின் அளவையும் வசூலையும் ஆட்சியே எடுத்துக்கொண்டது. கிராமத்தோடு அவருக்கு இருந்த கடைசிக் கயிறும் அறுந்தது. நோபுநாகா வீட்டைக் கொளுத்திச் செய்ததை இவர்கள் கணக்குப் புத்தகத்தில் செய்து முடித்தார்கள்.

பாவம், இதில் மாட்டிக்கொண்டவர் சாமுராய்தான். அவர் படி மாறாது, ஆனால் அரிசி விலை ஏறி இறங்கும், மற்றப் பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போகும். அந்தஸ்தில் மேலே இருந்தவர், அந்தஸ்தில் கீழே இருந்த அரிசி வணிகரிடம் கடன் வாங்கி நின்றார். சம்பளம் நின்ற இடத்தில் நிற்க விலைவாசி ஓடுவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுருக்கமாக: அளவை கொக்கு, கூலி அரிசி. அதை விற்றுச் சாமுராய் செலவழித்த காசுதான் கடைத்தெருவை நடத்தியது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கனசவாவில் லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். எடோ, ஒசாகா, கியோட்டோவுக்கு அடுத்த வரிசை. அவர்களில் பெரும் பங்கு சாமுராய் வீட்டு ஆட்கள்.

## யார் வீடு எங்கே

டவுன்ஷிப்பின் குவார்ட்டர்ஸ் டைப் இங்கேதான் கண்ணுக்குத் தெரியும். கோட்டைக்குப் பக்கத்தில் உயர்ந்த சாமுராய்கள். அடுத்து நடுத்தரம். பெருவழிகளை ஒட்டி வணிகர்களும் கைவினைஞர்களும். ஓரத்தில் காலாட்படைச் சிப்பாய்கள். இன்னும் ஓரத்தில் கோயில்கள்.

கனசவாவின் நாகமாச்சி என்ற தெருவில் நடந்தால் இதைச் சுவரிலேயே படிக்கலாம். கீழே கல்வரிசை, மேலே மஞ்சள் மண்ணைக் குழைத்து எழுப்பிய சுவர், அதற்கு மேல் சின்னதாக ஓட்டுக்கூரை. இது நடுத்தர, உயர்தரச் சாமுராய் வீடு. டிசம்பர் தொடக்கத்தில் அந்த மண்சுவருக்கு வைக்கோல் பாயைத் தொங்கவிட்டு மூடுவார்கள். பனி ஈரம் உள்ளே இறங்கி உறைந்தால் மண் உதிர்ந்துவிடும். மார்ச்சில் பாயை எடுப்பார்கள். அதே பகுதியில் காலாட்படைச் சிப்பாய் வீடுகள் இரண்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே மண்சுவர் கிடையாது, வெறும் செடிவேலி. கூரையில் ஓடும் இல்லை, பலகை. காற்றில் பறக்காமல் இருக்க மேலே கல் வைத்திருக்கும். பல ஊர்களில் சிப்பாய்களுக்கு வரிசை வீடுதான். கனசவாவில் தோட்டத்தோடு தனி வீடு கிடைத்ததே பெரிய விஷயம்.

வணிகர் வீட்டுக்கு வேறு வடிவம். முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். பெருவழியில் முகப்பு கிடைப்பது அரிது, ஆளுக்குக் கொஞ்சம் என்று வெட்டிக்கொண்டார்கள். ஊருக்குச் செய்ய வேண்டிய வேலையும் கட்டணமும் பல இடங்களில் முகப்பின் அகலத்தை வைத்தே பிரிக்கப்பட்டன. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் ‘விலாங்குமீனின் படுக்கை’.

கேளிக்கைக்கும் உத்தரவு உண்டு. ஊருக்குள் சிதறிக் கிடந்த தேநீர் விடுதிகளை, அதாவது ஆடல் பாடலோடு விருந்து நடக்கும் இடங்களை, 1820-இல் இரண்டு ஆறுகளுக்கும் அப்பால் தள்ளித் தனித் தெருக்களாக அமைத்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க முண்டியடிக்கும் ஹிகாஷி சாயா தெரு அதில் ஒன்று.

தெருக்கள் ஏன் இப்படி வளைகின்றன, முட்டுச்சந்து ஏன் இவ்வளவு? எதிரி நேராக ஓடிவர முடியாமல் செய்யத்தான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பல ஊர்களில் வேண்டுமென்றே சாலையை மடக்கியது உண்மை. ஆனால் எல்லா வளைவுக்கும் போர்த்தந்திரம் காரணம் இல்லை. ஆற்றோடும் மேட்டோடும் வாய்க்காலோடும் ஒட்டிப் போன தெருவும் வளையத்தான் செய்யும்.

## தண்ணீர் மேடேறியது

1631-இல் பெருந்தீ. ஊரின் பெரும்பகுதியோடு கோட்டையும் எரிந்தது. மேட்டின் மேல் இருக்கும் கோட்டைக்குத் தண்ணீர் வரத்துச் சரியில்லை, தீயை அணைக்க வழியில்லை. அடுத்த வருஷமே மூன்றாவது மயேதாவான தொஷித்சுனே, இத்தாயா ஹேஷிரோ என்பவரிடம் ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். சாய் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர், பல இடங்களில் சுரங்கமாகக் குடைந்து, மிக மெல்லிய சரிவில் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். தத்சுமி வாய்க்கால் என்று பெயர்.

சிக்கல் கடைசியில்தான். வாய்க்கால் வந்து சேர்ந்த மேட்டுக்கும் கோட்டைக்கும் நடுவே ஒரு பள்ளம், அதில் அகழி. தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, மறுபடி கோட்டை மேட்டுக்கு ஏற வேண்டும். பம்பு கிடையாது.

வீட்டில் மட்டம் பார்க்கக் கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூபை நினைத்துப் பாருங்கள். நடுவில் டியூப் தரையில் கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையைத் தாழ்த்தினால் அந்த வழியாக வெளியே கொட்டும். அதே வேலைதான். தண்ணீரைத் திறந்த வாய்க்காலில் விடாமல் மூடிய குழாய்க்குள் விட்டார்கள். தொடங்கும் இடம் சேரும் இடத்தைவிட உயரமாக இருந்ததால், பள்ளத்தில் இறங்கிய தண்ணீர் அந்த அழுத்தத்திலேயே மறுபக்கம் ஏறியது. இதற்குத் தலைகீழ் வடிகுழாய் என்று பெயர். முதலில் மரக்குழாய், பிற்காலத்தில் நடுவில் துளையிட்ட கல்லை ஒன்றோடொன்று பொருத்திய குழாய்.

கோட்டைக்கு எதிரே இருக்கும் கென்ரோக்குஎன் தோட்டத்தில் இதே தத்துவத்தில் ஒரு நீரூற்று இன்றும் பீச்சுகிறது. மேலே ஒரு குளம், கீழே ஊற்று, மோட்டார் இல்லை. குளத்தின் மட்டம் மாறினால் ஊற்றின் உயரமும் மாறும்.

இந்த ஊரின் கதையில் எனக்குப் பிடித்த இடம் இந்த வாய்க்கால்தான். போருக்கு வெட்டிய அகழிகளில் போர் நடக்கவே இல்லை. தீயை நினைத்து வெட்டிய வாய்க்காலோ 400 வருஷமாக ஓடுகிறது.

## கோபுரம் இல்லாத கோட்டை

கோட்டையின் உச்சியில் அடுக்குக் கூரையோடு நிற்கும் கோபுரத்துக்குத் தென்ஷு என்று பெயர். படங்களில் வருவது அதுதான். அதனால் தென்ஷுதான் கோட்டை, அங்கேதான் டைம்யோ வாழ்ந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். நோபுநாகா அசூச்சியில் அப்படி வாழ்ந்ததாகச் சொல்வதுண்டு. மற்றவர்கள் பெரும்பாலும் கீழே ஒரு மாடி அரண்மனையில் சௌகரியமாக இருந்தார்கள். தென்ஷு ஒரு காவல் கோபுரம், ஆயுதக் கிடங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வீம்பு.

கனசவாவின் தென்ஷு 1602-இல் இடி விழுந்து எரிந்தது. திரும்பக் கட்டவே இல்லை, மூன்றடுக்குக் காவல் மாடம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். தென்ஷு இல்லாமலேயே அடுத்த 270 வருஷம் நாட்டின் மிகப் பெரிய கோட்டையடி ஊர்களில் ஒன்றாக இருந்தது. கோபுரம் ஊரை நடத்தவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஜப்பான் முழுக்கப் பழைய காலத்திலிருந்து நிற்கும் தென்ஷு இன்று 12தான். ஹிமேஜி, ஹிகோனே, மத்சுமோத்தோ போன்றவை அதில் அடக்கம். ஒசாகாவில் நாம் படம் எடுத்துக்கொள்வது 1931-இல் கட்டிய கான்கிரீட்.

கனசவாவில் இன்னொரு புகழ்பெற்ற தவறான புரிதல் ‘நிஞ்ஜா கோயில்’. மியோர்யூஜி என்ற அந்தக் கோயில் 1643-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. ரகசியப் படிக்கட்டு, பொய்க் கதவு, விழுகுழி எல்லாம் உண்டு. நிஞ்ஜா மட்டும் இல்லை. ஊரின் ஓரத்தில் கோயில்களைக் கூட்டமாக வைத்த பகுதியில் அது ஒன்று. சண்டை வந்தால் பெரிய கூரையும் விரிந்த வளாகமும் படைக்கு உதவும் என்பது ஒரு காரணம், கோயில்களை ஆட்சியின் கண்பார்வையில் வைத்திருப்பது இன்னொன்று.

## வாளுக்கு வேலை இல்லாதபோது

1615-இல் ஷோகன் ஆட்சி, ஒரு டைம்யோவுக்கு ஒரு கோட்டைதான் என்று சட்டம் போட்டது. மற்றக் கோட்டைகள் இடிந்தன. அங்கே இருந்த ஆட்களும் மிச்சமிருந்த ஒரே கோட்டையடிக்கு வந்து குவிந்தார்கள். 1635-இல் இன்னொரு விதி: டைம்யோக்கள் ஒரு வருஷம் சொந்த ஊரில், ஒரு வருஷம் எடோவில். மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவிலேயே. நோபுநாகா தன் வீரர்களுக்குச் செய்ததை ஷோகன் இப்போது டைம்யோக்களுக்கே செய்தார்.

மயேதாவின் ஊர்வலம் கனசவாவிலிருந்து எடோ வரை சுமார் 480 கிலோமீட்டர், ஏறக்குறைய 13 நாள் நடை. கூட 2,000 பேருக்குக் குறையாது, சில முறை 4,000 வரை. எடோவில் அவர்கள் மாளிகை இருந்த இடம்தான் இன்று டோக்கியோ பல்கலைக்கழகம். அதன் புகழ்பெற்ற சிவப்பு வாசல், ஷோகன் மகளை மயேதா வீட்டு மருமகளாக வரவேற்க 1827-இல் வைத்தது.

ஷோகனுக்கு அடுத்த பணக்காரன் என்றால் எப்போதும் சந்தேகப் பார்வை இருக்கும். மயேதாக்கள் பணத்தை ஆயுதத்தில் போடாமல் கலையில் போட்டதற்கு அது ஒரு காரணம் என்பார்கள். கோட்டைக்குள் ஆயுதம் பழுதுபார்க்க ஒரு பட்டறை இருந்தது. அதே பட்டறை மெல்ல மெல்ல அரக்குப் பூச்சு, உலோகச் செதுக்கு, தங்கத்தூள் சித்திரம் என்று மாறியது. இன்று ஜப்பானில் உருவாகும் தங்கத் தகடு ஏறக்குறைய முழுவதும் கனசவாவில்தான் தட்டப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். மூச்சு விட்டால் பறந்துவிடும்.

## படி நின்றபோது

1868-இல் ஷோகன் ஆட்சி போய்ப் புது அரசு வந்தது. 1871-இல் டைம்யோ நாடுகளைக் கலைத்தார்கள், 1876-இல் சாமுராய்களின் படியை நிறுத்தினார்கள். டவுன்ஷிப்பின் ஆலை மூடியாயிற்று. ஒரு முற்றுகையும் நடக்கவில்லை, ஒரு மதிலும் விழவில்லை, ஆனால் கனசவாவின் மக்கள்தொகை சரிந்தது. மண்சுவர் வீடுகள் கைமாறின. இந்த ஊர் எதில் ஓடியது என்பதற்கு இந்தச் சரிவே சாட்சி. எல்லாக் கோட்டையடி ஊருக்கும் இதே அடிதான். சில எழவே இல்லை. கனசவாவில் 1874-இலேயே பழைய வாய்க்கால் தண்ணீரைக் கொண்டு பட்டுநூல் ஆலை வைத்துப் பார்த்தார்கள். டைம்யோவின் தோட்டமான கென்ரோக்குஎன் அதே வருஷம் பொதுமக்களுக்குத் திறந்தது.

கோட்டை ராணுவத்துக்குப் போனது. 1881-இல் எஞ்சியிருந்ததில் பெரும்பகுதி எரிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே பல்கலைக்கழகம் வந்து 1990-கள் வரை இருந்தது. பழைய மதிலுக்குள் மாணவர்கள் சைக்கிளில் போய்வந்தார்கள். 1788-இல் கட்டிய இஷிகாவா வாசல் அத்தனையையும் தாண்டி நிற்கிறது. போரில் இந்த ஊர்மீது பெரிய குண்டுவீச்சு நடக்காததால் தெருக்களும் வாய்க்கால்களும் பழைய தடத்திலேயே இருக்கின்றன. ஜப்பானின் 47 மாநிலத் தலைநகரங்களில் பாதிக்கு மேல் கோட்டையடி ஊர்களாகத் தொடங்கியவைதான். பலவற்றில் அந்தத் தடம் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விட்டது.

கனசவாவிலும் ஒன்று போனது. 1960-களில் முகவரிகளை எளிமையாக்குகிறோம் என்று தச்சர் தெரு, துப்பாக்கிக்காரர் தெரு மாதிரியான பழைய பெயர்களை நீக்கி, பல தெருக்களைச் சேர்த்து எண் போட்டார்கள். 1999-இல் ஊரார் அதை மாற்றத் தொடங்கினார்கள். முதலில் திரும்பி வந்த பெயர் கஸுயே-மாச்சி. அசானோ ஆற்றங்கரையில் தேநீர் விடுதிகள் வரிசையாக நிற்கும் சின்னத் தெரு அது. கஸுயே என்பது, முன்னொரு காலத்தில் அங்கே வீடு ஒதுக்கப்பட்டிருந்த ஒரு சாமுராயின் பெயர்.